சின்ன கேட்டுக்கு ஒரு பூட்டு

1

இந்தக் கதை ஒரு சர்க்குலராகப் பிறந்தது. இந்த ஓர் உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு பொய் சொல்ல வசதியாக இருக்கும்.

ஈஜிபுராவில் எங்கள் அபார்ட்மென்ட்டுக்கும் பக்கத்திலுள்ள போர்டு குவார்ட்டர்ஸுக்கும் நடுவே ஒரு மதில் இருக்கிறது. மதிலில் ஓர் ஆள் குனிந்து நுழையும் அளவுக்குச் சின்ன கேட். குவார்ட்டர்ஸ் என்பது அரசு கட்டிக்கொடுத்த மாடி வீடுகள். எங்களுக்குச் சமைப்பவர்கள், கார் ஓட்டுபவர்கள், குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர்கள் எல்லோரும் அங்கிருந்து இந்த கேட் வழியாகத்தான் வந்து போகிறார்கள்.

போன மாதம் அபார்ட்மென்ட்டில் ஒரு சைக்கிள் காணாமல் போனது. உடனே பாதுகாப்புக் கமிட்டி அமைத்தார்கள். அதன் தலைவர் வெங்கி என் வீட்டுக்கு வந்தார்.

"சார், சின்ன கேட்ட பர்மனென்ட்டா பூட்டிடலாம்னு இருக்கோம். சண்டே மீட்டிங்ல வோட்டுக்கு விடுறேன். அதுக்கு முன்னால ஒரு சர்க்குலர் அனுப்பணும். நீங்கதான் ரைட்டராச்சே, கொஞ்சம் பயம் வர்ற மாதிரி எழுதிக் குடுங்க."

இத்தனை வருடமாகக் கதை எழுதுகிறேன். எழுதிக் கொடு என்று ஒருவர் வீடு தேடி வந்து கேட்டது இதுதான் முதல்முறை. கூச்சமே இல்லாமல் ஒப்புக்கொண்டேன்.

(சைக்கிள் கிடைத்துவிட்டது. பேஸ்மென்ட்டில், வெங்கியின் காருக்குப் பின்னால் நின்றது. அவருடைய மகனே நிறுத்திவிட்டு மறந்திருந்தான். ஆனால் அதற்குள் கமிட்டிக்கு வாட்ஸாப் குழு வந்துவிட்டது. வாட்ஸாப் குழு உள்ள கமிட்டியைக் கலைக்க முடியாது.)

2

தொடக்கம் ஒன்று: "இருள் கவிந்ததும் அந்த மதிலுக்கு அப்பாலிருந்து"

நிறுத்திவிட்டேன். இருள் கவிந்ததும் மதிலுக்கு அப்பாலிருந்து வருவது மீன் குழம்பு வாசனைதான். பயம் வருகிற மாதிரி எழுத உட்கார்ந்தால் பசி வருகிற மாதிரி வந்து விழுகிறது.

தொடக்கம் இரண்டு: "அன்புள்ள குடியிருப்பாளர்களே, நம் பிள்ளைகளின் பாதுகாப்பை முன்னிட்டு"

நம் பிள்ளைகள் அந்த கேட் வழியாகக் குவார்ட்டர்ஸ் சந்துக்குப் போய்த்தான் சிகரெட் பிடிக்கிறார்கள். இதையும் அடித்துவிட்டேன்.

தொடக்கம் மூன்று. சர்க்குலரைக் கைவிட்டு, குவார்ட்டர்ஸ் பக்கம் நின்று, கதையாக: "ஏழைகளின் மனம் வெள்ளை"

இதைப் படித்துவிட்டு என் மனைவி பாகீரதி, "நம்ம ஜோவிதா போன வாரம் தலவலின்னு லீவு போட்டுட்டு சினிமாவுக்குப் போனா. வெள்ளையாம் வெள்ளை" என்றாள். ஜோவிதா எங்கள் வீட்டில் சமைப்பவள், குவார்ட்டர்ஸ்காரி. வெங்கி வீட்டிலும் அவள்தான் சமைக்கிறாள்.

ஆக, சர்க்குலரும் வரவில்லை, கதையும் வரவில்லை. கடைசியில் என்னைக் காப்பாற்றியது பால்.

3

பாலை அடுப்பில் வைத்துவிட்டுக் குப்பையை வெளியே வைக்கப் போனேன். கதவு தானாகச் சாத்திப் பூட்டிக்கொண்டது. லுங்கியோடு நிற்கிறேன். பாகீரதி எலெக்ட்ரானிக் சிட்டியில், ஆபீசில். நல்லவேளையாகக் கையில் போன் இருந்தது.

"பதறாதீங்க" என்றாள். "சின்ன கேட் தாண்டினதும் மொத வீடு. அல்போன்சாக்கா. நம்ம இன்னொரு சாவி அவங்ககிட்டதான் இருக்கு."

"அவங்ககிட்ட எப்படிப் போச்சு?"

"ஜோவிதாகிட்ட குடுத்தேன். தொலைச்சிடுவேன் மேடம்னு அவ கொண்டுபோய் அவங்ககிட்ட குடுத்து வெச்சிருக்கா. பால் பொங்கிடும், போங்க மொதல்ல!"

குனிந்து ஓடினேன். அல்போன்சா ப்ளவுஸ் தைப்பவர். வாசலிலேயே தையல் மெஷினைப் போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் சுவரில் குழந்தை இயேசு படம், படத்துக்குக் கீழே ஒரு பலகை, பலகை நிறைய ஆணி, ஆணிக்கு ஆணி சாவி. ஒவ்வொரு சாவியிலும் அந்தந்த வீட்டு ப்ளவுஸில் மிஞ்சிய துணி ஒரு துண்டு கட்டியிருந்தது. வேலைக்குப் போகும் குவார்ட்டர்ஸ்காரர்கள் சாவியை இவரிடம் கொடுத்துவிட்டுத்தான் போவார்களாம். பாதிச் சாவிகள் அவர்களுடையவை. மீதிப் பாதி பளபளவென்று இருந்தன. அவற்றில் ஒன்றில் வெங்கியின் கம்பெனி பெயர் பொறித்த கீசெயின் தொங்கியது. போன தீபாவளிக்கு அவர் எங்களுக்கெல்லாம் கொடுத்த அதே கீசெயின்.

"எங்க வீட்டுச் சாவி வேணும்."

"நீங்க யாரு?"

"பாகீரதி ஹஸ்பெண்ட்."

"அப்படித்தான் எல்லாரும் சொல்லுவாங்க."

"எல்லாருமா?"

"கிச்சன் கர்ட்டன் என்னா கலரு?"

"நீலம். இல்ல... பச்சை?"

மெஷினை நிறுத்திவிட்டு என் லுங்கியைப் பார்த்தார். "கல்யாணம் ஆகி ரொம்ப நாளாச்சா சார்?" என்றார். பிறகு பாகீரதிக்கு வீடியோ கால் போட்டு என் முகத்துக்கு நேரே பிடித்தார். "மேடம், ஒருத்தர் வந்து நிக்கறாரு. உங்களுதா பாருங்க."

பாகீரதி ஒரு விநாடி யோசித்தாள். அது தேவையே இல்லாத விநாடி. "எங்களுதுதான் அக்கா. குடுத்துடுங்க."

எங்கள் மெயின் கேட்டில் ஆப் வைத்திருக்கிறோம். யார் வந்தாலும் போனில் மணியடிக்கும், நான் பாராமலே அனுமதி பட்டனை அழுத்துவேன். அல்போன்சாவிடம் பட்டன் எதுவும் இல்லை.

பாத்திரம் கருகிவிட்டது. கதை கிடைத்துவிட்டது.

4

அன்றே எழுதினேன். குவார்ட்டர்ஸைப் பார்த்துப் பயப்படும் கமிட்டி, அந்தக் கமிட்டி வீட்டுச் சாவிகளெல்லாம் குவார்ட்டர்ஸ் சுவரில்! என்னை நானே முதுகில் தட்டிக்கொண்டேன். ஒரு மரியாதைக்காக அல்போன்சாவிடம் போய்ப் படித்துக் காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்கு சார். ஆனா இத போடாதீங்க."

"உங்களப் பெருமையாத்தானே எழுதியிருக்கேன்?"

"பெருமை கெடக்கட்டும். உங்க பில்டிங் அம்மாங்க நம்பிக் குடுத்தது. பாதி வீட்ல சாருங்களுக்கே தெரியாது. நீங்க சும்னே எழுதிட்டுப் போயிடுவீங்க. நாளைக்கு ஒரு வீட்ல ஒரு ஸ்பூன் காணோம்னாலும் மொத யார கேப்பாங்க?"

ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே தொடர்ந்தார்.

"என் தம்பி டொமினிக்க, அவன் வேலை செஞ்ச வீட்ல காணாமப் போன ஒரு கேஸ் சிலிண்டருக்காக ஸ்டேஷன்ல ஒக்கார வெச்சாங்க. அந்த வீட்டுக்காரரோட மச்சானே எடுத்துட்டுப் போயிருந்தான். சிலிண்டர் திரும்பக் கெடைச்சுது. வேலை கெடைக்கல."

சிரிப்புக் கதை எழுத வந்த எனக்குப் பயமாக இருந்தது. வெங்கி கேட்டது இந்தப் பயத்தை இல்லை. "அப்புறம் எதுக்குக்கா சாவியெல்லாம் வாங்கி வைக்கிறீங்க?" என்றேன்.

"லுங்கியோட வந்து நின்னீங்களே. யாராவது ஒருத்தர் வெச்சிருக்க வேணாமா?"

கடைசியில் பேரம் பேசி முடித்தோம். பெயரை மாற்ற வேண்டும், சாவி தொங்கும் இடத்தை மாற்ற வேண்டும், அவரை ஒல்லியாக எழுத வேண்டும். எனவே வாசகர்களே, குறித்துக்கொள்ளுங்கள்: அவர் பெயர் அல்போன்சா இல்லை. சாவிகள் குழந்தை இயேசு படத்துக்குக் கீழே இல்லை. அவர் மிகவும் ஒல்லி.*

* தையல்காரரை ஆணாக மாற்றிவிடலாமா என்றும் யோசித்தேன். இத்தனை வீட்டுச் சாவியோடு ஓர் ஆண் உட்கார்ந்திருந்தால் கதை முடிவதற்குள் நீங்களே போலீசைக் கூப்பிட்டுவிடுவீர்கள்.

5

ஞாயிற்றுக்கிழமை கிளப் ஹவுஸில் மீட்டிங். சர்க்குலர் எங்கே என்று வெங்கி கேட்டார். வரவில்லை என்றேன். "மூட் வரலியா?" என்று அனுதாபமாகக் கேட்டார். எழுத்தாளனாக இருப்பதில் இப்படிச் சில வசதிகள் உண்டு.

இந்த இடத்துக்கு இரண்டு முடிவுகள் தயாராக வைத்திருந்தேன்.

ஒன்று: நான் எழுந்து உண்மையைப் போட்டு உடைக்கிறேன். கமிட்டி மொத்தமும் தத்தம் சாவியை எடுக்கப் பாய்ந்து, எல்லோரும் ஒரே நேரத்தில் குனிந்து, சின்ன கேட்டில் சிக்கிக்கொள்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த முடிவு. அல்போன்சாவுக்கு வாக்குக் கொடுத்திருந்ததால் வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டு: கேட்டைப் பூட்டுகிறார்கள். மறுநாள் எந்த வீட்டிலும் சமையல் இல்லை. எல்லோரும் மனம் திருந்தி...

எங்கள் அபார்ட்மென்ட்டில் இதுவரை யாரும் மனம் திருந்தி நான் பார்த்ததில்லை. விட்டுவிட்டேன்.

நடந்தது இதுதான். பூட்டலாம் என்று எல்லோரும் கை தூக்கினார்கள். நானும் பாதி தூக்கி, தலையைச் சொறிந்துகொண்டேன். காலையும் மாலையும் வேலைக்காரர்கள் வந்து போகத் திறப்பது, மற்ற நேரம் பூட்டுவது என்று முடிவாகி, பூட்டும் வாங்கியாகிவிட்டது. அப்போது யாரோ கேட்டார்கள்: சாவி யாரிடம் இருக்கும்?

செக்யூரிட்டி ஆட்கள் மாதத்துக்கு ஒருவர் மாறுகிறார்கள். கமிட்டி ஆட்கள் பகலில் வீட்டில் இருப்பதில்லை. வெங்கி சீலிங் ஃபேனைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு டெய்லரம்மா இருக்காங்களாம். எப்பவும் வாசல்லயே இருப்பாங்களாம். ரொம்ப நம்பிக்கையான ஆளாம். என் வைஃப் சொன்னா."

எந்த டெய்லர் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எல்லோரும் கொஞ்சம் அவசரமாகவே தலையாட்டினார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பாகீரதி என் தொடையைக் கிள்ளினாள்.

ஆக, குவார்ட்டர்ஸ்காரர்கள் நினைத்த நேரத்தில் உள்ளே வராமலிருக்க நாங்கள் போட்ட பூட்டின் சாவி குவார்ட்டர்ஸில் தொங்குகிறது. செக்யூரிட்டியின் பழைய யூனிஃபார்மிலிருந்து ஒரு துண்டு காக்கித் துணியை வெட்டி அதில் கட்டியிருக்கிறார் அல்போன்சா. பூட்டித் திறப்பதும் அவர்தான். சிகரெட் பிடிக்கப் போன எங்கள் பிள்ளைகளைத்தான் முதலில் வெளியே வைத்துப் பூட்டினாராம்.

இதோடு கதை முடிந்தது என்று லேப்டாப்பை மூடினேன்.

6

மறுபடி திறந்திருக்கிறேன். இப்போதுதான் வெங்கியிடமிருந்து போன் வந்தது.

"சார், யார்கிட்டயும் சொல்லாதீங்க. வைஃபோட வளையல் ஒண்ணு காணோம். கோல்டு. வீடு பூரா தேடியாச்சு. நீங்க அந்தப் பக்கம் போய்ப் பேசுற ஆளுன்னுதான் கேக்கறேன். அந்த டெய்லரம்மா எப்படி சார்?"

"ஒரு நிமிஷம் லைன்ல இருங்க" என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

வளையல் காணோம் என்று படித்ததும் உங்கள் மனம் ஒரு விநாடி அந்த ஆணிப் பலகைப் பக்கம் போனதா? என் மனம் போனது. டொமினிக் கதையைக் காதால் கேட்டவன், என் மனம் போனது. எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

கதாசிரியன் நான், வளையலை நானே கண்டுபிடித்துக் கொடுத்துவிடலாம். "வாஷிங் மெஷினுக்குள், ஒரு தலையணை உறையில்" என்று எழுதினேன். வேண்டுமென்றே காப்பாற்றுகிறான் என்பீர்கள். "வெங்கியின் மகன்" என்று ஆரம்பித்தேன். பாவம், அவன் தலையில் ஏற்கெனவே ஒரு சைக்கிள் இருக்கிறது. "அன்று மதியம் ஜோவிதா" என்று கை தானாக எழுதியது, அதை எழுதிய வேகத்திலேயே அழித்தேன். கிடைக்கவில்லை என்றே விட்டுவிட்டால், அவர்கள் எந்த வாசலில் போய் நிற்பார்கள் என்று உங்களுக்கும் தெரியும். பெயரை மாற்றினால் என்ன, ஒல்லியாக எழுதினால் என்ன.

அதனால் கடைசி வரியை உங்களிடம் கொடுக்கிறேன். எழுதுவதற்கு முன்னால், உங்கள் வீட்டின் இன்னொரு சாவி இப்போது யாரிடம் இருக்கிறது என்று கொஞ்சம் யோசித்துக்கொள்ளுங்கள்.

வெங்கியின் மனைவியுடைய வளையல் ........................ இருந்தது.

சீக்கிரம் நிரப்புங்கள். அவர் லைனில் இருக்கிறார்.