பட்டன் இடம் மாறிய ஏழாம் பதிப்பு

1

இந்தக் கதை ஒரு மறுப்பில் பிறந்தது. என் நாவலை எடுத்துக்கொண்டு ராயபுரத்தில் ஒரு மாடியில் பதிப்பகம் நடத்தும் ரஹீமுன்னிசாவிடம் போனேன். செல்போனில் பணம் அனுப்புவது எப்படி, ரயில் டிக்கெட் எடுப்பது எப்படி என்று பெரிய எழுத்தில், படங்களோடு சின்னச் சின்னப் புத்தகங்கள் போடுகிறவர் அவர். செயலி மாறினால் புத்தகமும் மாறும். நாவலைப் புரட்டிவிட்டு, "அடுத்த பதிப்புல இதுல இன்னா மாத்துவீங்க?" என்றார். ஒன்றும் மாற்ற மாட்டேன் என்றேன். அப்படியானால் நமக்குச் சரிப்படாது என்று சொல்லி, டீ வரவழைத்தார். [டீ நன்றாக இருந்தது. கோபம் வரவில்லை.] குடித்து முடிப்பதற்குள் அவர் சொன்னதுதான் இது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'கடல் அன்று கொந்தளித்தது, ரஹீமுன்னிசாவின் மனமும்…'

வேண்டாம். கடல் அன்று சும்மாதான் இருந்தது.

பணம் அனுப்பும் புத்தகத்தின் ஏழாம் பதிப்பு, ஆயிரம் பிரதி, பைண்டிங்கிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கியது. கட்டைப் பிரிக்கும்போது, படம் போடும் மோகனப்ரியா தன் போனைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். செயலி புதுசாகியிருந்தது. புத்தகத்தில் கீழே இருக்கும் 'அனுப்பு' பட்டன், போனில் மேலே ஏறிவிட்டது. கீழே அந்த இடத்தில் இப்போது இருப்பது கடன் வாங்கும் பட்டன்.

ரஹீமுன்னிசா அழுதார் என்று எழுதி அடித்துவிட்டேன். சிரிப்புதான் வந்ததாம். அப்புறம் மங்கம்மாவின் நினைவு வந்து, கட்டை அப்படியே போட்டுவிட்டு எழுந்தார்.

3

மங்கம்மா காசிமேட்டில் மீன் விற்கிறவர். எந்தப் புத்தகமும் முதலில் அவர் கைக்குத்தான் போகும். அவருக்குப் புரிந்தால் ஊருக்கே புரியும் என்பது ரஹீமுன்னிசாவின் நம்பிக்கை. ஏழாம் பதிப்பின் முதல் பிரதியும் பைண்டிங்கிலிருந்தே முந்தின நாள் அவரிடம் போய்விட்டது.

இரண்டு பெண்களும் ஓடினார்கள். (பஸ்ஸில்தான் போனார்கள். கதையில் ஓடட்டும்.)

மங்கம்மா மீன்கூடைக்குப் பின்னால், புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தப்பு நடந்துவிட்டது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று ரஹீமுன்னிசா கேட்க, அவர் அதை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

"தர்மாட்டேன். என்னுது பழைய போனு. அந்தப் புதுசெல்லாம் இதுல ஏறாது. புக்குல இன்னா கீதோ அதான் இதுலயும் கீது."

நீட்டிக் காட்டினார். பட்டன் கீழேதான் இருந்தது.

புத்தகம் புரிந்தாலும் தானே அமுக்க அவருக்குப் பயம்; அதுவரை கொழுந்தனார் எத்திராஜ்தான் பணம் அனுப்பித் தருவார். அனுப்பும் சாக்கில் கணக்கில் எவ்வளவு கிடக்கிறது என்றும் பார்த்துவிடுவார். அன்று சாயங்காலமே கைமாற்று கேட்டு வந்து நிற்பார்.

"இன்னிக்குக் காலைல நானே அனுப்பிட்டேன் நிசாம்மா," என்றார் மங்கம்மா, குரலைத் தாழ்த்தி. "எங்கிட்ட எவ்ளோ கீதுன்னு இனிமே அந்தாளுக்குத் தெரியாது."

[இங்கே தொழில்நுட்பமும் விடுதலையும் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். மங்கம்மா பேசியபின் அது எடுபடவில்லை.]

4

திரும்பியதும் ரப்பர் ஸ்டாம்ப் செய்யச் சொன்னார் ரஹீமுன்னிசா. ஆயிரம் அட்டையிலும் 'பழைய போனுக்கு மட்டும்'. குத்திக் குத்தி மோகனப்ரியாவின் விரலெல்லாம் ஊதா. குப்பங்களில் பழைய போன்தான் அதிகம் என்பதால் ஒரு பிரதியும் தங்கவில்லை. புதுப் போன்காரர்களுக்கு எட்டாம் பதிப்பு தயாராகத் தொடங்கியது.

5

ஒருநாள் மத்தியானம் எத்திராஜ், கையில் புதுப் போனோடு, பதிப்பகத்தின் படியேறி வந்தார். இவ்வளவுதான் ரஹீமுன்னிசா சொன்னார். அதற்குள் அவருக்கு ஏதோ அழைப்பு வந்துவிட்டது. மிச்சத்தை நான்தான் எழுத வேண்டும். இரண்டு விதமாக எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்றில், அண்ணிக்கு இதையெல்லாம் யார் கற்றுக் கொடுக்கச் சொன்னது என்று சண்டைக்கு நிற்கிறார். இன்னொன்றில், படியில் வேறு யாரும் வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்கிறார்: "பழக்கத்துல கீய இருந்த பட்டன அமுக்கிட்டேம்மா, கடனாப் பூடுச்சு. இந்த போனுக்கு புக்கு வந்துச்சா?"

எதை வைப்பது என்று நீங்களே சொல்லுங்கள். மனுஷன் படியில் வெயிலில் நிற்கிறார், சீக்கிரம்.