நாகலெட்சுமியின் நெஞ்சுக் கம்பி

நாகலெட்சுமியின் கைகள் சும்மா கிடக்கிற கைகளே இல்லை. தேயிலைக் கொழுந்து எடுப்பதில் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டங்களில் அவளை மிஞ்ச ஆளில்லை. அது போகட்டும், பஸ் எந்தச் சாமியைத் தாண்டினாலும் அந்தக் கைகள் தலைக்கு மேலே போய்விடும். பிள்ளையார், மாதா, புத்தர் என்று ஒருத்தரையும் விடமாட்டாள். அவள் புருசன் கந்தப்பனுக்கு இது இருபத்தாறு வருசப் பழக்கம். ஆனால் அன்றைக்குக் கண்டி ஆஸ்பத்திரியில் அந்தக் கைகளை விட்டு அவர் கண்ணை எடுக்கவில்லை.

இருமலுக்கு மருந்தெடுக்கப் போனவளின் நுரையீரலில் கட்டி இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். கடலைப்பருப்பு அளவுதான். ஆபரேசன் செய்யும் டாக்டருக்கு அதை அடையாளம் காட்ட, ஸ்கேன் மெசினில் பார்த்துக்கொண்டே ஒரு மெல்லிய கம்பியை நெஞ்சுக்குள் விட்டு, கட்டியருகே கொக்கி மாட்டியிருந்தார்கள். கம்பியின் மறுநுனி விலாவில் பிளாஸ்டருக்கு அடியில் இருந்தது.

"ஐயா, சின்ன ஓட்டை போட்டு கேமரா விட்டுத்தான் எடுப்பாங்க. கையால தடவிப் பார்க்க ஏலாது. இந்தக் கம்பிதான் அடையாளம்" என்றாள் ஸ்கேன் டாக்டர் ஜெயந்தினி. "ஆபரேசன் தியேட்டர் போய்ச் சேருற வரைக்கும் கையத் தூக்கக் கூடாது, பேசக் கூடாது. கம்பி நழுவிட்டா நெஞ்சை அகலமாத் திறக்க வேண்டி வரலாம். அப்புறம் பல மாசத்துக்கு மலைக்குக் கொழுந்தெடுக்கப் போறத மறந்துற வேண்டியதுதான்."

பேசாமல் இருப்பதா, நாகலெட்சுமியா! ஆனாலும் வாயை இறுக மூடிக்கொண்டு டிரொலியில் படுத்திருந்தாள். கந்தப்பன் கூடவே நடந்தார். நடைபாதை திரும்பியதும் அவருக்குத் திக்கென்றது. எதிரே கண்ணாடிக் கூண்டுக்குள் புத்தரும் பிள்ளையாரும் பக்கத்தில் பக்கத்தில், விளக்கு வெளிச்சத்தில் ஜெகஜோதியாக இருந்தார்கள்.

அவள் விரல்கள் துடிப்பதைப் பார்த்துவிட்டார். "கையக் கீழ வையி புள்ள!" என்று கத்திக்கொண்டே முன்னால் ஓடினார். போட்டிருந்த கோட்டைக் கழற்றி இரண்டு கையாலும் விரித்து, சாமிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூண்டை மறைத்து நின்றார்.

"மொக்கத கரன்னே, ஐயே?" என்று டிரொலி தள்ளியவன், என்ன செய்கிறீர்கள் அண்ணே என்று சிங்களத்தில் கேட்டு வாயைப் பிளந்தான். கந்தப்பன் கோட்டை இன்னும் அகலமாக விரித்தார். நாகலெட்சுமி கண்ணாலேயே அவரை எரித்தாள். ஆனால் கை எழும்பவில்லை. டிரொலி தியேட்டருக்குள் போய்விட்டது.

சாமிக்கே முதுகைக் காட்டிவிட்டோமே என்று பிறகுதான் அவருக்குப் பயம் பிடித்தது. பிள்ளையார் முன்னால் காதைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போட ஆரம்பித்தார். நர்சுகள் சிரித்தால் சிரிக்கட்டும். கணக்கும் தப்பிப் போய், முழங்காலும் விட்டுப் போனது. எழுந்திருக்க முடியாமல் குந்தியிருந்த நேரத்தில்தான் ஜெயந்தினி ஓடி வந்தாள்.

"ஐயா, கம்பி அசையவே இல்ல! அது காட்டின இடத்திலேயே கட்டி இருந்துச்சு, எடுத்துட்டாங்க. மூணு சின்ன ஓட்டைதான். உடனேயே சோதிச்சுப் பார்த்தாச்சு, புற்றுநோய் இல்லயாம்!"

அவள் கைகொடுத்துத் தூக்கிவிட்டதுகூட அவருக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் வார்டில் நாகலெட்சுமி கண்ணைத் திறந்தாள். கந்தப்பனை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏங்க, சாமிக்கு முதுகக் காட்டிக்கிட்டு நின்னீங்களே, நீங்கல்லாம் ஒரு மனுசனா? தோட்டத்துல சொன்னா காறித் துப்புவாங்க!"

குரல் மெலிந்துதான் இருந்தது. இருந்தாலும் அடுத்த கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கந்தப்பனுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"திட்டு புள்ள, நல்லாத் திட்டு" என்று சிரித்தபடி, முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.