காகித வாசனை

அந்தப் பெரிய கடையின் வாசனைப் பிரிவில் விற்பனையாளரை எல்லோரும் 'மூக்கு' என்றுதான் கூப்பிடுவார்கள். கேலிக்கு இல்லை, மரியாதைக்குத்தான். கண்ணைக் கட்டிவிட்டு நாற்பது சென்ட்டை நீட்டினாலும் ஒவ்வொன்றையும் பிரித்துச் சொல்லிவிடுவார். மூக்கு அவ்வளவு கூர்மை. முதுகெலும்புதான் கொஞ்சம் தொய்வு.

ஒவ்வொரு சென்ட்டுக்கும் பக்கத்தில் 'இது யாருக்கு' என்று ஒரு சின்ன அட்டை நிற்கும். அதை எழுதுவதும் அவர்தான். பெரும்பாலும் வாய்க்கு வந்ததை எழுதி வைத்துவிடுவார். 'வெள்ளைப்பூ' என்ற புது சென்ட் வந்தபோது மட்டும் மூன்று நாள் பிடித்தது. மல்லிகை, சம்பங்கி, ஆரஞ்சுப்பூ எல்லாம் சேர்ந்தது. ஆணும் பூசலாம், பெண்ணும் பூசலாம். பூ வாசனைதான், ஆனால் குழைவு கிடையாது. துவைத்துத் தேய்த்த வெள்ளைச் சட்டை மாதிரி விறைப்பாக நிற்கும். கடைசியில் இப்படி எழுதினார்: 'அதிகம் பேசாதவர். பேசினால் உண்மையைப் பேசுபவர். யாருக்காகவும் குனியாதவர். ஆணா பெண்ணா என்பதெல்லாம் அப்புறம்; முதலில் இவர் ஒரு மனிதர்.'

எழுதியதைப் படித்துப் பார்த்ததும் அவருக்கே வயிற்றெரிச்சலாக இருந்தது. அவர் பிழைப்பு என்ன? பகல் முழுக்க நின்றுகொண்டு, "உங்களுக்குன்னே செஞ்சது சார்", "உங்க நிறத்துக்கு எடுப்பா இருக்கு மேடம்" என்று குழைவது. சென்ட்டுக்கும் நிறத்துக்கும் என்ன சம்பந்தமோ, அந்தக் கடவுளுக்கே வெளிச்சம்.

விற்கிறவர்கள் வேலை நேரத்தில் எந்த வாசனையும் பூசக்கூடாது, வாங்க வருகிறவர்களின் மூக்கு குழம்பிவிடும் என்பது கடை விதி. அதனால் ஒருநாள் மாலை கிளம்பும்போது, மோந்து பார்ப்பதற்கென்று வைத்திருக்கும் வெள்ளைப்பூ புட்டியிலிருந்து கோட்டுக் காலரில் இரண்டு அழுத்து அழுத்திக்கொண்டார். தெருவில் இறங்கியதும் நடையே மாறிவிட்டது. பஸ் கண்டக்டரிடம்கூடக் கணீரென்று பேசினார். பிறகு அதுவே தினப்படி வழக்கமானது. இரண்டு அழுத்து நான்கானது. வேலியே பயிரை மேய்ந்தது.

ஒரு மாதம் வர வேண்டிய புட்டி பதினொரு நாளில் வற்றிவிட்டது. சூப்பர்வைசர் மேடம் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இந்த வாரம் மோந்து பாக்க வர்ற கூட்டம் ஜாஸ்தி மேடம்," என்றார் மூக்கு. யாரும் கேட்கவே இல்லை. எங்கப்பன் குதிருக்குள் இல்லை கதைதான்.

மறுநாள் மேடம் லிஃப்டில் ஏறியபோது துப்புரவு அக்கா வாளியோடு நின்றிருந்தார். அவர் சால்வையிலிருந்து வெள்ளைப்பூ வாசனை வந்தது. அது போதாதா? அரைமணியில் மூக்குக்கு மேடம் அறையிலிருந்து அழைப்பு வந்தது.

"நான் புட்டியத் தொடவே இல்ல மேடம்," என்று சொல்லிக்கொண்டிருந்தார் அக்கா. "மோந்து பாத்துட்டுத் தூக்கிப் போடற காகிதத் துண்டுங்க இருக்கில்ல, அதைக் குப்பைத்தொட்டியிலேருந்து எடுத்து சால்வை மடிப்புல வெச்சுக்குவேன். ஃபினாயில் நாத்தத்துல பஸ்ஸுல பக்கத்துல யாரும் உக்கார மாட்டேங்கறாங்க."

"குப்பைக் காகிதம் இவ்வளவு மணக்குமா?" மேடம் மூக்கின் பக்கம் திரும்பினார். "நீங்க மோந்து பாருங்க. நீங்க சொன்னா அப்பீலே கிடையாது."

அக்கா சால்வை நுனியை நீட்டினார். முகத்தில் பயமே இல்லை. தெரிந்த ஆள் வந்துவிட்டார் என்ற நிம்மதி இருந்தது.

முதல் மூச்சிலேயே மூக்குக்குத் தெரிந்துவிட்டது. உடுத்தின துணியில் நேராக அடித்த சென்ட், உடம்புச் சூட்டில் மெல்ல விரியும். பூவுக்கு அடியிலிருந்து ஓர் இனிப்பு எழும். காகிதத்தில் ஊறிக் காய்ந்து ஒட்டியதற்கு அந்த விரிவு வராது. தட்டையாக, லேசான காகித நெடியோடு நிற்கும். இது காகிதம். சந்தேகமே இல்லை. அதை ஒரே வார்த்தையில் சொல்லியிருந்தால் அக்கா தன் வாளியைத் தூக்கிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போயிருப்பார். ஆனால் அடுத்த கேள்வி வருமே: அப்படியென்றால் புட்டியைக் காலி பண்ணியது யார்?

"அதே வாசனைதான் மேடம்," என்றார்.

பொய்யில்லை. அதே வாசனைதான். முழுப் பூசணிக்காயை மறைக்க ஒரு கைப்பிடி உண்மை போதும்.

"நாளைலேருந்து வர வேணாம்," என்றார் மேடம். அக்கா மூக்கை ஒருமுறை பார்த்துவிட்டு, சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு போனார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அன்று மாலை அந்தக் கோட்டைத் தொடவே அவருக்குக் கூசியது. குளிரில் வெறும் சட்டையோடு வீட்டுக்குப் போனார்.

"கோட்டு எங்க?" என்று கேட்டாள் மனைவி.

"மறந்துட்டேன்."

"தலைய மறக்காமக் கொண்டாந்தீங்களே, அதுவரைக்கும் லாபம்."

அந்தத் தலையை நிமிர்த்தித்தான் அவரால் சாப்பிட முடியவில்லை.

காலையில் அக்கா யூனிஃபார்மைத் திருப்பித் தர வந்தார். உடைமாற்றும் அறையில் மூக்கு தனியாக மாட்டிக்கொண்டார்.

"அக்கா, நேத்து நான்..."

"வேணாம் தம்பி. உங்க கோட்டு தினமும் வழுக்கிக் கீழ விழுந்து கெடக்கும். நான்தான் எடுத்து மாட்டுவேன். காலர்ல என்ன வாசனைன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் மேடத்துகிட்ட சொல்லல?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு நெனச்சேன். அந்த அட்டைய எழுதினது நீங்கதானே?"

யூனிஃபார்மை மடித்து பெஞ்சில் வைத்தார். அன்றும் தரையில் கிடந்த கோட்டை எடுத்துத் தூசி தட்டி, வழக்கம்போல ஹேங்கரில் மாட்டிவிட்டுப் போனார்.

பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்றிருந்தது மூக்குக்கு. அது பிளப்பதாக இல்லை. நேராக மேடத்தின் அறைக்குப் போனார்.

"புட்டியக் காலி பண்ணது நான்தான் மேடம்."

மேடம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். சிரித்துவிட்டார். "உங்க மேல ஒரு வாசனையும் இல்லையே! அந்தம்மா வந்து அழுதாங்களா? மனசு கேக்காம பழியத் தூக்கி உங்க தலையில போட்டுக்கறீங்க. இந்தக் காலத்துல யார் செய்வா இப்படி? வெள்ளைப்பூவுக்கு ஒரு ஆளைப் பத்தி எழுதினீங்களே, அது நீங்களேதான். போங்க, கவுண்டர்ல ஆள் நிக்கிறாங்க."

தப்பித்தாயிற்று. சொல்ல வேண்டியதைச் சொன்னோம், நம்பாதது அவர்கள் பாடு. நம்ம ஆள் கதவு வரைக்கும் போகவும் செய்தார். மறைப்பானேன், ஒரு நொடி மனசுக்குள் குளுகுளு என்றுகூட இருந்தது. அந்தக் குளுமைதான் அவரைக் கொன்றது. செருப்பால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

உடைமாற்றும் அறைக்குப் போய்க் கோட்டை எடுத்து வந்து மேசைமேல் போட்டார்.

"காலரை மோந்து பாருங்க மேடம்."

மேடம் குனிந்தார். நிமிர்ந்தபோது முகத்தில் சிரிப்பைக் காணவில்லை. நேற்று அக்காவைப் பார்த்த அதே பார்வை இப்போது அவர்மேல் விழுந்தது. அது எவ்வளவு கனம் என்று அப்போதுதான் தெரிந்தது.

"புட்டி விஷயம்கூட இருக்கட்டும் மேடம்," என்றார். "நேத்து அவங்க சால்வைல இருந்தது வெறும் காகித வாசனை. எனக்கு அப்பவே தெரியும்."