நிமிடத்துக்கு முப்பத்திரண்டு

அந்த வார்டில் அவருக்கு மூச்சுக்காரர் என்று பெயர். நெஞ்சில் இரண்டும் விலாவில் ஒன்றுமாக வில்லைகளை ஒட்டி, நெஞ்சுக்கூடு விரிந்து சுருங்குவதைக் கொண்டு மூச்சை எண்ணும் கருவியைச் செய்தவர். மூச்சைக் கொடுத்தவன் ஒருவன் இருக்க, எண்ணுகிறவருக்கு இத்தனை செருக்கு! கடிகாரத்தைப் பார்த்து எண்ணும் நர்ஸைக் கண்டாலே அவருக்கு இளக்காரம்.

ஆறாம் கட்டில் தையல்காரர் அன்று வீட்டுக்குப் போயாக வேண்டும். தாயில்லாத மகளைப் பக்கத்து வீட்டில் விட்டு வந்து நான்கு நாள். மூச்சு நிமிடத்துக்கு இருபதுக்குள் இருந்தால் அனுப்பலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

நர்ஸ் எண்ணியது பதினெட்டு. கருவி காட்டியது முப்பத்திரண்டு.

"பள்ளிக்கூடத்துல பதினெட்டு வரைக்கும்தான் சொல்லிக்கொடுத்தாங்களா, சிஸ்டர்?" என்றார் மூச்சுக்காரர்.

"நீங்க வர்றதுக்கு முன்னாடி எண்ணினேன் சார்."

"நான் வந்தா மூச்சு கூடுமா? நான் என்ன புலியா?" தையல்காரர் பக்கம் திரும்பினார். "ஏன்யா, மூச்சு விடக்கூட உனக்குப் பாடம் நடத்தணுமா? ஆடாம கிட!" ஒட்டியிருந்தவற்றைப் பிய்த்துவிட்டு, சில்லென்றிருந்த புது வில்லைகளைச் சுவரொட்டி ஒட்டுவதுபோல் அழுத்தி ஒட்டினார். முப்பத்தாறு.

"அப்ப இன்னும் ரெண்டு நாள் இருக்கட்டும்" என்றார் கட்டிலருகே நின்ற டாக்டர்.

"பாப்பா அழுவா, டாக்டர்..." என்றார் தையல்காரர்.

"ஒரு அஞ்சு நிமிஷம் சார் வெளியே நிக்கட்டும், டாக்டர்" என்றாள் நர்ஸ்.

டாக்டர் தலையசைத்தார். மூச்சுக்காரர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, கம்பியில்லாமல் எண்ணைக் காட்டும் கருவியின் கையகலத் திரையோடு வராந்தாவுக்குப் போனார். கதவுக் கண்ணாடி வழியே பார்த்தார். நர்ஸ் ஒட்டியிருந்த வில்லைகளை எடுத்துவிட்டு, புது வில்லைகளை உள்ளங்கைகளுக்குள் பொத்திச் சூடாக்கி, மெல்ல ஒட்டினாள்.

"கண்ணை மூடிக்கங்கண்ணே. அவசரமே இல்ல."

இதெல்லாம் ஒரு விஞ்ஞானமா என்று அவர் சிரித்தார். திரையில் கோடு அகன்று அலையாயிற்று. இருபத்தாறு. இருபத்தொன்று. பதினெட்டு.

வில்லை நழுவியிருக்கும் என்று கதவைத் தள்ளி ஒரு காலை உள்ளே வைத்தார். தையல்காரர் கண் திறந்து பார்த்தார். திரையில் இருபத்தைந்து; முப்பது.

மூச்சுக்காரர் திரையையும் தையல்காரரையும் மாறி மாறிப் பார்த்தார். கருவியைக் குறை சொல்லலாம் என்றால் அது அவருடைய கருவி. காலைப் பின்னுக்கு இழுத்துக் கதவைச் சாத்தினார். எண் இறங்கியது.

டாக்டர் வராந்தாவுக்கு வந்து அவர் கையிலிருந்த திரையைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு அனுப்பும் தாளில் கையெழுத்திட்டார்.

மூச்சுக்காரர் கதவை விரலளவு திறந்து, "சிஸ்டர், வில்லையை நீங்களே எடுத்துடுங்க" என்றார். "மெதுவா."