கடிகாரம் கட்டாத பெண்

ஆம்பூரில் எங்கள் ஷூ கம்பெனிக்குள் ஸ்டாப்வாட்சோடு யார் நுழைந்தாலும் முதலில் பார்ப்பவள் இருமுவாள். உடனே லைன் முழுக்கக் கை மெதுவாகிவிடும். வேகத்தைக் காட்டினால் மறுநாளே டார்கெட்டை ஏற்றிவிடுவார்களே!

2004இல் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து ஜெமி என்ற மாணவி வந்தாள். மனிதர்கள் கம்ப்யூட்டரோடு எப்படிப் பழகுகிறார்கள் என்று ஆராய்கிற துறையாம். ஒவ்வொரு ஜோடி தைத்து முடிந்ததும் தோலில் குறை உண்டா இல்லையா என்று, அவள் கொண்டுவந்த ஒரு திரையைத் தொட்டு நாங்கள் பதிய வேண்டும்.

"சோதனை உங்களுக்கு இல்லக்கா, மெஷினுக்குத்தான்" என்றாள்.

"ஜாஸ்தி நம்பாத எப்சி, அவ கையப் பாரு" என்றாள் பக்கத்து இருக்கை ஹுமேரா.

பார்த்தேன். நோட்டும் பேனாவும்தான். மணிக்கட்டில் வாட்ச்கூட இல்லை. பையையும் எட்டிப் பார்த்தேன், டிபன் பாக்ஸ். யாரும் இருமவில்லை.

"பொத்தான் இன்னா இவ்ளோ சின்னதா இருக்குது?" என்று அதட்டினேன். மறுநாளே பெரிதாக்கிக் கொண்டுவந்தாள். அதில்தான் ஏமாந்தேன். விரல் பறந்தது.

திங்கட்கிழமை பலகையில் மணிக்கு நாற்பது ஜோடி என்றிருந்தது அறுபதாகியிருந்தது. லைனில் நின்ற சூப்பர்வைசரிடம் சண்டைக்குப் போனேன். அவர் ஒரு தாளை நீட்டினார். நான் திரையைத் தொட்ட ஒவ்வொரு தடவையும், நொடிக்கணக்கோடு.

அங்கே வந்த ஜெமி தாளை எட்டிப் பார்த்தாள். "அது தானா பதியும்க்கா. பொத்தானைச் சரிபண்ணத்தான்... இவங்க கேட்டு வாங்குவாங்கன்னு நினைக்கல."

ஹுமேரா அவளைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தாள். பிறகு, லைன் முழுக்கக் கேட்கும்படி இருமினாள்.