உட்காரத் தெரிந்த கவசம்

பிலிப்பைன்ஸின் மரிகினா நகரில் ஷூ பட்டறைகள் நிறைந்த தெருவில் எர்லிண்டாவின் கைத்தையலுக்குத் தனி மதிப்பு இருந்தது. வயது நாற்பத்தாறு. ஷூவின் மேல்தோல் தைப்பதில் இருபத்திரண்டு வருட அனுபவம். விடுமுறை வந்தால் மட்டும் ஆள் மாறிவிடுவாள். விண்வெளிப் போர்வீரர்கள் போடுகிற மாதிரிக் கவசத்தை மாட்டிக்கொண்டு, மால்களில் நடக்கும் வேடப் போட்டிகளுக்குக் கிளம்பிவிடுவாள். பட்டறையில் சிரிக்கிறவர்கள் சிரிப்பார்கள். அவள் கண்டுகொள்வதில்லை.

போன வருடக் கவசத்தைக் கென்னத்திடம் சொல்லிச் செய்திருந்தாள். போட்டியை நடத்துபவனும் அவன்தான், கவசம் செய்து விற்பவனும் அவன்தான். எல்லாருக்கும் ஒரே அச்சு. அவளுக்கு மட்டும் பக்கவாட்டில் இரண்டு விரல் அகலம் கூட்டியிருந்தான். போட்டியன்று மூன்று மணி நேரம் அதற்குள் நின்றதில் தோளெலும்பில் ரத்தம் கட்டிக்கொண்டது. உட்காரலாம் என்றால் வயிற்றுத் தகடு மேலேறித் தொண்டையை முட்டியது. கடைசியில் மயங்கி விழுந்தாள்.

நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, கொக்கிகளைக் கழற்றியபடியே கென்னத் சொன்னான்: "கவசம்னா வலிக்கத்தான் செய்யும்க்கா. அதைத் தாங்கற உடம்பு வேணும். உங்களுக்கு வேற ஏதாவது வேஷம் பாத்துக்கலாமே."

வீட்டுக்குப் போகும் ஜீப்னி வண்டியில் கணவன் ரொஜெலியோவிடம் சொன்னாள்.

"செருப்பு கடிச்சா நாங்க செருப்பைத்தான் பிரிச்சுப் பாப்போம். காலைக் குத்தம் சொல்ல மாட்டோம்."

அடுத்த வாரமே வேலையை ஆரம்பித்தாள். பழைய பனியனைப் போட்டுக்கொண்டு, அதன்மேல் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, ரொஜெலியோவை விட்டு உடம்பு முழுக்க ஒட்டு நாடாவை இறுக்கமாக ஒட்டச் சொன்னாள். வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்ளாமல், உட்கார்ந்து மூச்சு விட்டு, குனிந்து பார்த்து, உடம்பு எங்கெல்லாம் மடிகிறதோ அங்கெல்லாம் பேனாவால் கோடு போடவைத்தாள். பிறகு அந்தக் கூட்டை முதுகுப்பக்கம் வெட்டிக் கழற்றியபோது, அவளுடைய உடம்பே அளவுத் தாளாக மேஜைமேல் கிடந்தது. ரொஜெலியோவுக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. ஒவ்வொரு கோட்டிலும் கத்திரி வைத்தாள்.

குழந்தைகள் விளையாட விரிக்கும் ரப்பர் பாயைச் சூடாக்கி வளைத்துத் தகடுகள் செய்தாள். ஒட்டுவதற்குப் பட்டறைப் பசை. வயிற்றுக்கு ஒரே தகடு வைக்காமல், இறால் ஓடு மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும் நான்கு பட்டைகள். பாரம் தோளில் இறங்காமல் இடுப்பில் நிற்க அகலமான பெல்ட். தோல் உரசும் இடங்களில் ஷூவுக்குள் வைக்கும் மெத்தைத் துணி. தலைக்கவசத்தில் வியர்வையை ஆற்ற இரண்டு குட்டி மின்விசிறிகள். தொடைத் தகடுகள் ஒரே இழுப்பில் கழன்று வரும். கழிவறைக்குப் போக யாரையும் துணைக்குக் கூப்பிட வேண்டியதில்லை. அதையும் மாட்டிக்கொண்டு நான்கு தடவை போய்வந்து பார்த்த பிறகுதான் சாயம் அடித்தாள். செம்மண் நிறம், முழங்கையில் மஞ்சள் கோடு.

போட்டி நாள் காலையில், கவசத்தோடேயே ஜீப்னி ஏறி, ஆட்களோடு நெருக்கியடித்து உட்கார்ந்துதான் மாலுக்குப் போய்ச் சேர்ந்தாள். பதிவு மேஜையில் இருந்த பெண் நீட்டிய அட்டையில் 'நகைச்சுவைப் பிரிவு' என்றிருந்தது.

"நான் கவசப் பிரிவுலதான் பேர் குடுத்தேன்" என்றாள் எர்லிண்டா.

அந்தப் பெண் கென்னத்தை அழைத்து வந்தாள். அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "போன வருஷம் மாதிரி ஆயிடக்கூடாதுன்னுதான்க்கா மாத்தினேன். இதுல ஜாலியா வந்துட்டுப் போயிடலாம். ஜனங்களும் நல்லா ரசிப்பாங்க."

"எதை ரசிப்பாங்க?"

பட்டியல் முடிந்துவிட்டது, இனி மாற்ற முடியாது என்று மட்டும் சொன்னான்.

அட்டையை மேஜைமேலேயே வைத்துவிட்டு, எர்லிண்டா நேராக மேடைப்படிக்குப் போனாள். ஏறுகிறவர்களுக்கு வழி விட்டு, இரண்டாவது படியின் ஓரமாக உட்கார்ந்தாள். வயிற்றுப் பட்டைகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சத்தமில்லாமல் மடங்கின.

மற்ற வீரர்கள் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். அந்தக் கவசங்களில் ஒருவருக்கும் உட்கார வழியில்லை. ஒருவனுக்கு அவன் தங்கை உறிஞ்சுகுழல் வைத்துத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். இன்னொருவன் சுவரில் முதுகைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தான். காவலாளி வந்து எர்லிண்டாவை எழுந்திருக்கச் சொன்னார்.

"போட்டியில இருக்கேன். பேர் கூப்பிடட்டும், எழுந்திருக்கறேன்."

அவர் கென்னத்தைப் பார்த்தார். கென்னத் வேறு பக்கம் பார்த்தான். இத்தனை பேர் எதிரில் ஒரு பெண்ணைத் தூக்கி இறக்க இருவருக்குமே மனம் வரவில்லை.

ஒரு மணி நேரம் போயிற்று. பெயர்கள் கூப்பிடப்பட்டன, அவள் பெயர் வரவில்லை. அவள் டப்பாவைத் திறந்து சோறும் கோழி அடோபோக் குழம்பும் சாப்பிட்டாள். இரண்டாவது மணி நேரத்தில் கழிவறைக்குப் போய்விட்டு வந்து மறுபடி அதே படியில் உட்கார்ந்தாள். கோபம் இருந்தது. ஆனால் உடம்பில் எங்கேயும் வலி இல்லாததால், அந்தக் கோபத்தை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ள முடியும் என்று தோன்றியது. அந்த எண்ணமே அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

இடைவேளையில் நடுவர் ஒருத்தி படியிறங்கினாள். நாடகங்களுக்கு உடை தைக்கும் வயதான பெண், பெயர் வில்யமோர். எர்லிண்டாவைத் தாண்டிப் போனவள் திரும்பி வந்து, வயிற்றுப் பட்டைகளைக் கூர்ந்து பார்த்தாள்.

"இதோட எவ்வளவு நேரமா உக்காந்திருக்கீங்க?"

"காலையிலேருந்து. கவசப் பிரிவுப் பட்டியல்ல என் பேர் இல்லையாம்."

வில்யமோர் வேறொன்றும் கேட்காமல் கென்னத்திடம் போனாள். அங்கே என்ன பேசினார்கள் என்பது கேட்கவில்லை. கவசப் பிரிவின் கடைசிப் பெயராக எர்லிண்டாவின் பெயர் ஒலிபெருக்கியில் வந்தது.

யார் கையையும் பிடிக்காமல் படியேறினாள். மைக்கோடு நின்ற இளைஞன் கூட்டத்தைப் பார்த்துக் கண்ணடித்தான்.

"ஆன்ட்டி, அந்த வயிறும் கவசத்துல சேர்த்திதானா?"

கூட்டம் சிரித்தது. அவள் தலைக்கவசத்தைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"ஆமாம்ப்பா. அதுக்கும் அளவெடுத்துத்தான் செஞ்சேன்."

இந்தத் தடவை சிரித்தவர்கள் அவள் பக்கம் இருந்தார்கள். அவள் மேடை நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். முழங்காலில் ஒரு கையை ஊன்றி எழுந்தாள். சுவரோரம் நின்ற வீரர்களிடமிருந்துதான் முதலில் கைதட்டல் வந்தது.

பரிசு அவளுக்கு இல்லை. உலோகச் சிறகு வைத்தவனுக்கு முதல் பரிசு. இறங்கி வர அவனுக்கு மூன்று பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது.

கூட்டம் கலையும்போது எர்லிண்டா கென்னத்திடம் போனாள். "அடுத்த வருஷப் பட்டியல எப்ப ஆரம்பிப்ப?"

"அதுக்கு இன்னும் நாள் இருக்குக்கா."

"இருக்கட்டும். இப்பவே எழுது. கவசப் பிரிவு. நான் பாத்துட்டுப் போறேன்."

அவன் சுற்றிலும் பார்த்தான். எழுதினான். அவளுடைய பெயரில் ஒரு எழுத்து தவறியிருந்தது. அதையும் திருத்தச் சொன்னாள்.

வெளியே இரண்டு பெண்கள் அவளுக்காகக் காத்திருந்தார்கள். ஒருத்தி நிறைமாதக் கர்ப்பிணி. இந்தப் பட்டைகளை எப்படி வெட்டினீர்கள் என்று கேட்டாள். எர்லிண்டா அவளைப் பெஞ்சில் உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்து, பையிலிருந்து பேனாவை எடுத்தாள்.

"மொதல்ல நல்லா மூச்சு விடு" என்றாள். "வயித்த உள்ள இழுக்காத."