கல்லுக்குக் குனிந்தவர்

தியாகலிங்கம் கதவைத் திறந்தபோது பிஸ்கற் குரைக்கவில்லை. அவருடைய சப்பாத்தைச் சுற்றிச் சுற்றி வந்து முனகியது. காலையிலிருந்து மூத்திரத்தை அடக்கிக்கொண்டிருந்த நாய்.

அவர் வங்கிகளுக்குக் காசு கொண்டு போகும் கவச வண்டியில் காவலாள். இடுப்பு உறையில் குண்டு போட்ட துவக்கு. வண்டி வெறுமையாகத் திரும்பும் நாட்களில், சாப்பாட்டு நேரத்துக்கு ஓட்டுநர் பேனாட் அவரைப் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் அவருடைய வீட்டுத் தெரு மூலையில் இறக்கிவிட்டுக் காத்து நிற்பான். இது சரியா என்று இருவரும் யாரிடமும் கேட்டதில்லை. மனைவி பாலாம்பிகைக்கு டோர்வல் விமான நிலையத்தில் பயணிகளுக்குச் சாப்பாடு கட்டும் வேலை, மகள் வித்தியாவுக்குப் பள்ளிக்கூடம். அன்று நாயைப் பார்க்க வேறு ஆள் இல்லை.

கீழே குடியிருந்த வீட்டுக்காரி மாக்கிரட் முன்னமே சொல்லிவிட்டாள், இன்னொரு முறை மூத்திரம் தன் கூரையால் ஒழுகினால் நாய் இந்த வீட்டில் இருக்காது என்று. நாய் போனால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். இந்த நாட்டுக்கு வந்து ஒரு வருடம் வித்தியா வாய் திறக்கவில்லை. வேண்டியதை விரலால் காட்டினாள். டொக்டர்மார் ஏதேதோ சொன்னார்கள். பிறகு பிஸ்கற் வந்தது. பிள்ளை முதலில் கதைத்தது அதனோடுதான், அதுவும் பிரெஞ்சில்.

பனி உருகுவதற்காக நடைபாதையில் உப்புக் கொட்டியிருந்தார்கள். உப்பு காலைச் சுடுவதால் பிஸ்கற் அங்கே ஒரு கணமும் நிற்காது. எதிர்ப் பூங்காவில் நாய்களுக்கென்று கம்பிவலை அடித்த இடம் இருந்தது. அவர் அதை நோக்கி நடந்தார்.

பேனாட் வண்டிக் கண்ணாடியை இறக்கி, அவருடைய இடுப்பைக் கண்ணால் காட்டினான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவன் சொன்னதுதான்: அது இடுப்பில் இருக்கும்வரை உனக்கு மானம் ரோசம் ஒன்றும் கிடையாது. எவன் திட்டினாலும் விலகிப் போ. நீ மாட்டுகிற சண்டை எல்லாவற்றிலும் ஒரு துவக்கு இருக்கும், அது நீ கொண்டுவந்ததாக இருக்கும். கழற்றி வீட்டில் வைக்கவும் வழியில்லை. வேலை முடியும்வரை அது உடம்பை விட்டுப் போகக்கூடாது. தியாகலிங்கம் பிஸ்கற்றைத் தூக்கிக் காட்டினார், இதை வைத்துக்கொண்டு யாரோடு சண்டை என்பதுபோல. பேனாட் சிரித்துவிட்டான்.

வலைக்குள் கிறகரி மட்டும் தன் பெரிய கறுப்பு நாயோடு நின்றான். கல்லூரியில் படிக்கிற பெடியன். சனிக்கிழமைகளில் வித்தியாவோடு கதைப்பவன். நாய்கள் கடிபட்டால் வாய்ப் பக்கம் கை வைக்கக்கூடாது, இரண்டு சொந்தக்காரரும் ஒரே நேரத்தில் தத்தம் நாயின் பின்னங்கால்கள் இரண்டையும் தூக்கிப் பின்னால் இழுக்க வேண்டும் என்று அவளுக்குக் காட்டிக்கொடுத்ததும் அவன்தான். வித்தியா வீட்டில் பிஸ்கற்றின் பின்னங்கால்களைத் தள்ளுவண்டிபோலப் பிடித்துக் காட்டியபோது பாலாம்பிகை விழுந்து விழுந்து சிரித்தாள்.

பிஸ்கற் மூலையில் மூத்திரம் பெய்துவிட்டு, பனியில் கிடந்த பந்தைக் கவ்வியது. கறுப்பு நாயின் பந்து. அது ஒரு சத்தமும் இல்லாமல் வந்து பிஸ்கற்றின் கழுத்தைப் பிடித்தது.

பின்னங்காலைப் பிடிக்கச் சொல்லிக் கத்திக்கொண்டு கிறகரி ஓடி வந்தான். தியாகலிங்கத்துக்கு அது விளங்கியது. ஆனால் உடம்பு வேறொன்றைச் செய்தது. அவர் கல்லெடுக்கக் குனிந்தார். ஊரில் கல்கூடத் தேவையில்லை, குனிந்தாலே போதும், எந்த நாயும் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிடும். இங்கே கை பனிக்குள் போனது. கல் இல்லை. கறுப்பு நாய் திரும்பியும் பார்க்கவில்லை. குனிந்ததில் கோட்டு மேலேறித் துவக்கு வெளியே தெரிந்தது. நிமிர்ந்தபோது வலது கை துவக்கு உறைக்குப் பக்கத்தில் இருந்தது.

கிறகரி நின்றுவிட்டான்.

இரண்டு கைகளையும் உயர்த்திக்கொண்டு வலைவரை பின்னால் போனான். சுட வேண்டாம் ஐயா என்று கெஞ்சினான். தன்னைச் சொன்னானா, நாயைச் சொன்னானா, தெரியவில்லை. "லு ஷியன், லு ஷியன்" என்று தியாகலிங்கம் தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் கத்தி, நாயைப் பிடிக்கச் சொல்லிக் கையை நீட்டினார். நீட்டிய கையைக் கண்டதும் பெடியன் தலையைப் பொத்திக்கொண்டு பனியில் குந்திவிட்டான்.

அவர் தனியாகப் போய்க் கறுப்பு நாயின் காலைப் பிடித்தார். அது உதறி, அவருடைய இடுப்பில் வந்து மோதியது. இழுபறி என்றால் முதலில் துவக்கைக் காப்பாற்று என்று வேலையில் பழக்கியிருந்தார்கள். வலது கை தானாகவே உறையை அமத்திக்கொண்டது. மிச்சம் ஒரு கை. ஒரு கையால் ஒரு காலைத்தான் பிடிக்க முடிந்தது, அந்த நாய் மற்றக் காலை ஊன்றி இன்னும் ஆழமாகக் கடித்தது.

சுடலாம் என்று ஒரு எண்ணம் வந்தது. வலைக்கு அப்பால் பள்ளிக்கூடம் போகாத சின்னப் பிள்ளைகள் பனியில் சறுக்கி விளையாடிக்கொண்டிருந்தார்கள். வந்த எண்ணம் போய்விட்டது.

கறுப்பு நாய் தானாக விட்டபோது பிஸ்கற்றிடம் அசைவு இல்லை.

பொலிஸ் வந்து அவரைப் பனியில் குப்புறப் படுக்கவைத்துத் துவக்கை எடுத்தது. எதை எடுக்கக் குனிந்தாய் என்று கேட்டார்கள். கல் என்றார். எங்கே கல் என்றார்கள். சுற்றிவர வெள்ளையாகக் கிடந்தது. பேனாட் வந்து அவருக்காகக் கனக்கக் கதைத்தான், ஆனால் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. பின்னேரம் கம்பனி இடுப்புப் பட்டியையும் அனுமதி அட்டையையும் வாங்கிக்கொண்டது.

வீட்டில் பாலாம்பிகைதான் பிள்ளைக்கு நடந்ததெல்லாம் சொன்னாள். வித்தியா அழவில்லை. வந்து தகப்பனுக்கு முன்னால் நின்றாள்.

"உங்களிட்டத் துவக்கு இருந்ததுதானே அப்பா?"

"ஓம்."

"ஏன் சுடேல்லை?"

"சுடக்கூடாது, குஞ்சு. பின்னாலை பிள்ளையள் நிண்டவை."

அவள் யோசித்தாள். "நீங்கள் சுடமாட்டியள் எண்டு கிறகரிக்குத் தெரியாதே?"

"அவனுக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப ஏன் அதைக் கொண்டு போனனீங்கள்?"

அவர் சமையலறைப் பக்கம் பார்த்தார். பாலாம்பிகை தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டாள்.

மறுநாள் போக வேலை இல்லாததால் காலைச் சாப்பாட்டை அவரே செய்தார். பாணா, இடியப்பமா என்று கேட்டார். வித்தியா விரலால் பாணைக் காட்டினாள்.